பட்டியில் வாழும் கிருமி எந்த மருந்துக்கு மடங்கும்? கிழக்கு மாகாணத்தின் இரு திணைக்களங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், கிழக்கு மாகாண கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலை ஆய்வுகூடங்களுக்குப் பொறுப்பான நுண்ணுயிரியல் வைத்திய நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

நமது இரு மாவட்டங்களின் மாட்டுப் பட்டிகளில் பல தலைமுறைகளாக இருந்துவரும், மாட்டைக் குறைக்கன்று போடச் செய்து மனிதருக்கு நீண்ட காய்ச்சலைத் தரும் புரூசெல்லோசிஸ் என்ற பக்டீரியா நோயைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். மாட்டுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க நம்மிடம் வழி உண்டு. மனிதருக்கு வந்தால் என்ன மருந்து கொடுப்பது என்பதும் வைத்தியர்களுக்குத் தெரியும். ஆனால் நமது பட்டிகளில் வாழும் புரூசெல்லாக் கிருமி அந்த மருந்துகளுக்கு உண்மையில் மடங்குகிறதா என்று, நமது மாடுகளிடமிருந்தும் நமது நோயாளரிடமிருந்தும் எடுத்த கிருமியை வளர்த்துச் சோதித்துப் பார்க்கும் வழமையான ஏற்பாடு நம்மிடம் இல்லை. வேறு நாடுகளில், பெரும்பாலும் வேறு இனப் புரூசெல்லாவில் செய்த சோதனைகளை நம்பியே நாம் சிகிச்சை அளிக்கிறோம். அந்த நம்பிக்கை தவறென்று நான் சொல்லவில்லை. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்கள் இரு திணைக்களங்களுக்கும் பொதுவானது என்றும், எந்த ஒன்றும் தனித்து அதைச் செய்ய முடியாது என்றும் சொல்லவே எழுதுகிறேன்.

நான் வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் நுண்ணுயிரியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன். என் தாய்வழி உறவினர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இன்றும் பட்டி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

பட்டிமாடு வளர்ப்பைப் பற்றிக் கால்நடைத் திணைக்களத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுகாதாரத் திணைக்களத்தாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகா போகத்துக்கு வயல் உழத் தொடங்கியதும் மாடுகளை வயல்வெளியிலிருந்து ஒதுக்கி, மாதவனை, மயிலத்தமடு போன்ற மேற்குப்புற மேய்ச்சற்தரைகளுக்கும் காட்டோரங்களுக்கும் ஓட்டிச் செல்வார்கள். அறுவடை முடிந்தபின் அவை திரும்பி வந்து அரிதாள் மேயும். இப்படி இடம்பெயரும் காலங்களில் பல பட்டிகள் ஒரே குளத்தில் நீர் குடிக்கின்றன, ஒரே தரையில் படுக்கின்றன, ஒரு பட்டியின் காளை மற்றொரு பட்டியில் சேர்கிறது. ஒரு சினைமாடு ஏழாம், எட்டாம் மாதத்தில் கன்றைக் குறையாகப் போட்டுவிட்டால், அந்தக் கன்றிலும் நீரிலும் இளங்கொடியிலும் கோடிக்கணக்கான கிருமிகள் வெளிவருகின்றன. அவ்விடத்தை நக்கும், முகரும் மாடுகள் அனைத்தும் தொற்றுக்கு ஆளாகின்றன. அடுத்த ஈற்றில் அதே மாடு ஒழுங்காகக் கன்று ஈனலாம். ஈன்றாலும் கிருமி அதன் மடியில் தங்கிப் பாலில் வந்துகொண்டிருக்கும்.

மனிதருக்கு எங்கே ஆபத்து என்பதில் நகரத்தில் இருப்போர் பலர் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். மட்டக்களப்புத் தயிரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பாலை நன்றாகக் காய்ச்சிய பின்னரே சட்டியில் உறையூற்றுகிறோம், காய்ச்சும் வெப்பத்தில் புரூசெல்லா சாகிறது. ஆபத்து கைகளில் இருக்கிறது. கொடி விழாமல் நின்றுவிட்ட மாட்டுக்கு, முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு வெறுங்கையால் அதை இழுத்தெடுப்பவர், பின்னர் அந்த இளங்கொடியை உரப்பையிலோ வைக்கோலிலோ சுற்றி, பால் வடியும் ஆலமரக் கொப்பில் கட்டித் தொங்கவிடுபவர், பெரும்பாலும் அந்த வீட்டின் இளைஞர்தான். நாயும் நரியும் எட்டாத உயரத்தில் கட்டுவதால் அந்த வழக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கட்டும்வரை அது கையில் இருக்கிறது. கையில் முள் கீறிய காயமும் இருக்கிறது. காற்றில் பறக்கும் துளிகளாக உள்ளே போனால் பத்து முதல் நூறு கிருமிகளே நோயை உண்டாக்கப் போதும்.

அதன் பின் வருவது விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் உடுப்பை நனைக்கும் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி, சில ஆண்களுக்கு விதைவீக்கம், அரிதாக இருதய வால்வில் தொற்று. மரணம் குறைவு, ஆனால் மாதக்கணக்கில் உழைக்க முடியாமல் போகும். டெங்கும் எலிக்காய்ச்சலும் முதலில் நினைவுக்கு வரும் நமது பகுதியில் இந்த நோயைச் சந்தேகிப்பவர் குறைவு. முதுகெலும்பில் தங்கிவிட்டால் அதைக் காசநோய் என்றே எண்ணிவிடலாம். இந்தக் கடைசி விடயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

இப்போது மாடுகளில் பெரிதும் நடைபெறுவது ரோஸ் பெங்கால் சோதனை. ஒரு துளி குருதிப்பாயத்தையும் ஒரு துளி இளஞ்சிவப்பு எதிரியாக்கியையும் தட்டில் கலந்து நான்கு நிமிடம் ஆட்டினால், நோயெதிர் பொருள் இருக்கும் குருதிப்பாயத்தில் சிவப்பு மணிகளாகத் திரண்டு வரும். மலிவானது, விரைவானது, பட்டியடியிலேயே செய்யக்கூடியது. கிருமி இந்த உடலைத் தொட்டிருக்கிறது என்பதை அது சொல்லும். எந்த மருந்துக்கு அது சாகும் என்பதைச் சொல்லாது. இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி பெற்ற கன்றிலும் சில காலம் அதே மணிகள் திரளும். மருந்தைப் பற்றிய கேள்விக்கு விடை வேண்டுமானால் உயிருள்ள கிருமியைக் கையில் எடுக்க வேண்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

நமது வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நாள்தோறும் நடக்கும் ஏபிஎஸ்டி சோதனையை, அதாவது கிருமி எந்த மருந்துக்கு மடங்கும் என்று பார்க்கும் உணர்திறன் சோதனையை, நினைத்துப் பாருங்கள். நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் ஊற்றிய முல்லர் ஹின்டன் அகார் தட்டில், நோயாளியின் சிறுநீரிலிருந்தோ குருதியிலிருந்தோ வளர்த்த கிருமியைப் பஞ்சுக் குச்சியால் மூன்று திசைகளில் பூசி, மருந்து ஊறிய ஆறு மில்லிமீற்றர் காகித வட்டுகளை அதன்மேல் வைத்து, 35 பாகை செல்சியசில் இரவு முழுதும் விட்டு, மறுநாள் காலையில் ஒவ்வொரு வட்டைச் சுற்றியும் கிருமி வளராமல் தெளிந்திருக்கும் வட்டத்தை அளவுகோலால் அளக்கிறோம். ஈகோலை போன்ற கிருமிக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் அது பதினாறு முதல் பதினெட்டு மணி நேரத்தில் தட்டை நிரப்பிவிடும். புரூசெல்லா அவ்வளவு நேரத்தில் கண்ணுக்கே தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் ஊசிமுனை அளவில் பனித்துளி போன்ற புள்ளிகள் எழும். மெதுவாக வளரும் கிருமிக்கு வட்டிலிருந்து மருந்து பரவ நிறைய நேரம் கிடைத்துவிடுவதால், வழக்கமான தட்டில் பெரிய வட்டம் தோன்றினாலும் அதற்கு ஒரு பொருளும் இல்லை. வழக்கமான அட்டவணையில் அதை வைத்து 'மடங்கும்' என்று எழுதிக் கொடுப்பது பயனற்றது மட்டுமன்று, வைத்தியரைத் திசைதிருப்பும்.

அதைவிடப் பெரிய தடை ஆபத்து. ஆய்வுகூடப் பணியாளருக்கு வேலைத்தலத்திலேயே தொற்றும் பக்டீரியாக்களில் உலகெங்கும் மிக அதிகமாகப் பதிவானவற்றுள் புரூசெல்லா முன்நிற்கிறது. அதற்குக் காரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. தட்டின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இது சூடோமோனாஸ், இது புரோட்டியஸ் என்று சொல்லிவிடும் பழக்கம் பழைய கைகள் எல்லோருக்கும் உண்டு. கிராம் சாயத்தில் மெல்லிய மணலைத் தூவியதுபோல் சிறு சிறு செம்புள்ளிகளாகத் தெரியும் கிருமியைச் சாதாரண மேசையில் வைத்துத் திறந்து முகர்ந்தால் அதன் விளைவு சில வாரங்களின் பின் அவரது உடலில் தெரியும். சில தன்னியக்க இனங்காணல் முறைகள் இதை ஒக்ரோபக்ட்ரம் என்றோ சைக்ரோபக்டர் என்றோ பெயரிட்டுவிடுவதால், கையில் இருப்பது இன்னதென்று அறியாமலே பலர் அதைக் கையாண்டிருக்கிறார்கள். தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம் வந்தால் டொக்சிசைக்கிளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரங்களுக்குக் கொடுத்து, ஆறு மாதங்கள் வரை குருதியைச் சோதித்துப் பார்க்குமாறு சர்வதேச வழிகாட்டல்கள் கூறுகின்றன. எனவே, 'எல்லா வைத்தியசாலைகளிலும் புரூசெல்லாவுக்கு ஏபிஎஸ்டி செய்யுங்கள்' என்று கேட்பவர் ஆய்வுகூட ஊழியரின் பகைவராகத்தான் இருக்க முடியும். நான் கேட்பது அதற்கு நேர்மாறானது.

சோதிக்கும் முறை உலகில் இருக்கிறது. அமெரிக்க நியம நிறுவகமான சிஎல்எஸ்ஐ, அரிதாக வரும் கிருமிகளுக்கான தனது எம்45 ஆவணத்தில் புரூசெல்லாவுக்கு இடம் கொடுத்திருக்கிறது: அதற்கென உள்ள புரூசெல்லாத் திரவ ஊடகத்தில், கார அமிலத் தன்மையை 7.1 அளவில் நிறுத்தி, மருந்தைப் படிப்படியாக நீர்த்த சிறு குழிகளில் கிருமியை இட்டு, 48 மணி நேரத்தின் பின் எந்தக் குழிவரை வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மில்லிலீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் அல்லது அதற்குக் குறைந்த டொக்சிசைக்கிளின் வளர்ச்சியைத் தடுத்தால் கிருமி மடங்குகிறது என்று கொள்ளலாம். ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட்டும் அண்மை ஆண்டுகளில் இந்தக் கிருமிக்கென வட்டு முறையொன்றை வகுத்து வெளியிட்டிருக்கிறது.

இங்கே நுண்ணுயிரியல் நிபுணர்களின் கவனத்துக்கு ஒரு விடயம். சிகிச்சையின் இரு தூண்களில் ஒன்றான ரிஃபாம்பிசினுக்கு எம்45 ஆவணம் எல்லை எதையும் வகுக்கவில்லை. ஆகவே பல நாடுகளின் ஆய்வாளர்கள், வளர்க்கத் தனி ஊடகம் தேவைப்படும் மற்றொரு கிருமியான ஹீமோபிலஸ் இன்ஃபுளுவென்சாவின் எல்லையை இரவல் வாங்கி, ஒரு மைக்ரோகிராம் வரை மடங்கும், நான்கும் அதற்கு மேலும் எதிர்க்கும், இடையில் இருப்பது இடைநிலை என்று எழுதினார்கள். 'புரூசெல்லாவில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு' என்று வெளிவந்த செய்திகளில் எத்தனை உண்மையான எதிர்ப்பு, எத்தனை அந்த இரவல் அளவுகோலின் விளைவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. ரிஃபாம்பிசின் தாக்கும் புரதத்துக்குரிய ஆர்பிஓபி என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்று சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும். இந்த அளவுக்குக் குழப்பம் உள்ள ஒரு கேள்விக்கு, நமது பட்டிகளின் புரூசெல்லா அபோர்ட்டஸ் பற்றி வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து விடை எடுப்பதை நான் ஏற்க மாட்டேன்; அந்தக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை ஆடு, செம்மறிகளில் வாழும் மெலிட்டென்சிஸ் இனத்தைப் பற்றியவை. டேவிட் புரூஸ் 1887 இல் மால்டாவில் கண்டதும் அந்த மெலிட்டென்சிஸ்தான். நமது மாட்டின் கிருமியை டென்மார்க்கில் பாங் கண்டது அதற்குப் பத்தாண்டுகளின் பின்னர்.

சோதனையைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கையையும் நான் விதைக்க விரும்பவில்லை. புரூசெல்லா கிருமிகளை விழுங்கி அழிக்கும் நமது உடலின் விழுங்கு கலங்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. குழியில் அதைக் கொல்லும் மருந்து கலத்துக்குள் போய்க் கொல்லும் என்று சொல்ல முடியாது. பெனிசிலின் குடும்ப மருந்துகள் சில ஆய்வுகூடத்தில் நன்றாக வேலை செய்தும் நோயாளியிடம் தோற்பது அதனால்தான். ஒற்றை மருந்து கொடுப்பதைக் கைவிட்டு, டொக்சிசைக்கிளினை ஆறு வாரங்கள் கொடுத்து, அதோடு அதே ஆறு வாரங்களுக்கு ரிஃபாம்பிசினையோ அல்லது முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையோ சேர்ப்பது என்ற நடைமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986 இல் பரிந்துரைத்ததன் பின்னணியும் அதுவே. அப்படிக் கொடுத்தும் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு நோய் திரும்புகிறது. திரும்பியவர்களிடமிருந்து எடுத்த கிருமியைச் சோதித்தால், பெரும்பாலும் அது முன்னர் மடங்கிய மருந்துக்கு இப்போதும் மடங்குவதாகவே இருக்கும். அதாவது, நோய் திரும்புவதற்கு வழக்கமான காரணம் மருந்து எதிர்ப்பு அன்று. இடையில் விட்ட மாத்திரையும், எலும்புக்குள் ஒளிந்த கிருமியும்தான். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே உணர்திறன் சோதனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் கிடைக்கும் சில கிருமிகளையாவது முறையாகச் சோதித்து, நமது மாகாணத்தின் நிலை இன்னதென்று ஒரு பதிவு வைத்திருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இன்று எதிர்ப்பு அரிதாக இருக்கும்போது ஏன் இந்தச் சிரமம் என்று கேட்கலாம். முதற் காரணம் காசநோய். ரிஃபாம்பிசின் காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பு. ஸ்ட்ரெப்டோமைசினும் காசநோய்க்கென முதலில் வந்த மருந்துதான். முதுகெலும்பு நோயுடன் வரும் ஒருவருக்குப் புரூசெல்லோசிஸ் என்று எண்ணி ரிஃபாம்பிசினும் டொக்சிசைக்கிளினும் கொடுத்து, உள்ளே இருந்தது காசநோயாக இருந்துவிட்டால், காசக் கிருமி ரிஃபாம்பிசினை நடைமுறையில் தனி மருந்தாகவே சந்திக்கிறது. எதிர்ப்பு உருவாவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேண்டியதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் சேர்ந்த முறையில் நோய் திரும்புவது குறைவு என்பதும், ரிஃபாம்பிசின் டொக்சிசைக்கிளினின் குருதி அளவைக் குறைக்கிறது என்பதும் ஏற்கெனவே தெரிந்தவை. நமது கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் ஜென்டாமைசினுக்கும் எப்படி நடந்துகொள்கிறது என்ற பதிவு கையில் இருந்தால், காசநோய் இன்னும் ஒழியாத நமது நாட்டில் ரிஃபாம்பிசினைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கு வைத்தியர்களுக்கு ஒரு துணிவு பிறக்கும்.

இரண்டாவது காரணம் தடுப்பூசி, இதுவே உங்கள் இரு திணைக்களங்களையும் ஒரே மேசைக்கு அழைப்பது. இந்நாட்டில் கன்றுகளுக்குப் போடுவது எஸ்19. உலகில் பல நாடுகள் பயன்படுத்தும் மற்றொரு தடுப்பூசியான ஆர்பி51, ரிஃபாம்பிசின் கலந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்துத் தெரிந்தெடுத்த கிருமியால் ஆனது. பிறவியிலேயே அது ரிஃபாம்பிசினுக்கு மடங்காது. அமெரிக்காவில் 2017 முதல் 2019 வரையான காலத்தில், காய்ச்சாத பாலைக் குடித்தவர்களிடம் அந்தத் தடுப்பூசிக் கிருமியே நோயை உண்டாக்கியது பதிவானது. மேலும், ரோஸ் பெங்கால் போன்ற வழமையான குருதிச் சோதனைகள் ஆர்பி51 தொற்றைக் காட்டுவதே இல்லை. எஸ்19 போட்ட கன்றும் நோயுற்ற மாடும் சோதனையில் ஒன்றுபோல் தெரியும் தொல்லையைத் தவிர்க்க, நாளை இங்கும் அந்தத் தடுப்பூசிக்கு மாறலாம் என்ற யோசனை எழுவது இயல்பே. அதற்கு நான் எதிரியல்லன். ஆனால் கால்நடைப் பக்கம் எடுக்கும் அத்தகைய முடிவு வைத்தியசாலைப் பக்கத்துக்குத் தெரியாமல் போனால், ஊசி தவறிக் கையில் குத்திக்கொண்ட கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவருக்கு வேலை செய்யாத மருந்தை ஆறு வாரங்கள் கொடுத்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது காரணத்தைப் பட்டிக்காரரும் வயற்காரரும் ஒரே ஆளாக இருக்கும் நமது வாழ்க்கை முறையில் பார்க்கிறேன். மாட்டுப் புரூசெல்லோசிசுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. ஆயினும் மடிவீக்கத்துக்கும் குளம்புப் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் ஓக்சிரெட்ராசைக்கிளின் ஊசி பட்டிகளில் தாராளமாகப் போகிறது. சில இடங்களில் கால்நடை வைத்தியரின் கையால் அன்றி, பட்டிக்காரர் தாமே கடையில் வாங்கிக் குத்துவதும் நடக்கிறது. அந்த ஊசி மருந்து டொக்சிசைக்கிளினின் உடன்பிறப்பு. மறுபக்கம், போகக் காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்காகச் சேற்றில் இறங்கும் விவசாயிகளுக்கு வாரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழங்குகிறார்கள். அது தேவையான பணி, நிறுத்துமாறு சொல்வது பாவம். ஆனால் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பவரின் குருதியில் புரூசெல்லாவை வளர்த்தெடுப்பது கடினமாகும் என்பதையும், மாட்டிலும் மனிதரிலும் ஒரே குடும்ப மருந்தை இவ்வளவு புழங்கும் ஒரு மண்ணில் அதே மருந்தில்தான் இந்த நோயின் சிகிச்சை தங்கியிருக்கிறது என்பதையும் ஒருசேர நினைக்க வேண்டும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நோய் இலங்கையில் 1927 இலேயே ஒரு நோயாளியிடம் விவரிக்கப்பட்டது. பின்னர் பல பதிற்றாண்டுகள் அந்தப் பெயர் அரிதாகவே கேட்டது. 2006 முதல் கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர்கள், வைத்தியசாலை ஆய்வுகூடங்களுக்கு எதைக் கண்டால் ஐயுற வேண்டும், ஐயுற்றால் கிருமியை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துத் தேடத் தொடங்கிய பின், கிழக்கு உட்படப் பல மாகாணங்களில் அது வெளிப்பட்டது. தட்டில் வளர்ந்தும் 'மாசு' என்று கழித்துவிடப்பட்ட கிருமிகளுக்கு அதன் பின்னர்தான் பெயர் கிடைத்தது. புரூசெல்லாவுக்கும் அதே வழி போதும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. மாவட்ட வைத்தியசாலைகள் கிருமியை ஐயுறுவதோடும் பாதுகாப்பாக அடைத்து வைப்பதோடும் நிற்க வேண்டும். உணர்திறன் சோதனையை அங்கே செய்யவே கூடாது. மணல்போன்ற சிறு கிராம் எதிர்க் கிருமி, மெதுவான வளர்ச்சி, யூரியேஸ் சோதனையில் விரைவான மாற்றம் என்ற மூன்றும் சேர்ந்தால் தட்டை நாடாவால் ஒட்டி, உயிரியற் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து, மேலதிக சோதனை எதையும் நிறுத்திவிட வேண்டும் என்ற ஓர் எழுத்து மூல அறிவுறுத்தல் ஒவ்வொரு நுண்ணுயிரியல் மேசையின் மேலும் ஒட்டப்பட வேண்டும். அங்கிருந்து அது கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்று தேசிய அளவில் தகுந்த உயிரியற் பாதுகாப்பு உள்ள ஒரே ஓர் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும்.

மாட்டின் இளங்கொடியிலிருந்தும் பாலிலிருந்தும் கன்னொருவைக் கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்தில் வளர்க்கும் கிருமியும் அதே மேசைக்கு, அதே முறைக்கு, அதே அளவுகோலுக்கு வர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மனிதக் கிருமியை ஒரு முறையிலும் மாட்டுக் கிருமியை வேறு முறையிலும் சோதித்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அனுப்புவதும் சிறு காரியம் அன்று. வளர்த்த புரூசெல்லா மிக ஆபத்தான தொற்றுப் பொருள் என்ற வகுப்பில் வருவதால், மூன்றடுக்குப் பொதியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்கான வாகனமும் பயிற்சியும் வரும்வரை, கிருமியைச் சூட்டில் கொன்று அதன் மரபணுப் பொருளை மட்டும் அனுப்பி, இனத்தையும் தடுப்பூசிக் கிருமியா என்பதையும் ஆர்பிஓபி மாற்றத்தையும் பார்ப்பது முதற்படியாக அமையலாம். அது முழு விடை ஆகாது. என்றாலும் ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செலவு என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. ஆண்டுக்குக் கிடைக்கப்போகும் கிருமிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பை எதிர்கொள்வதற்கான தேசியத் திட்டங்கள் 2017 இலிருந்து மனித சுகாதாரத்தையும் கால்நடையையும் ஒன்றாகவே பேசி வருகின்றன. அந்தப் பேச்சைப் பட்டியடி வரை கொண்டுவர இதைவிடச் சிறிய, முடிக்கக்கூடிய வேலை அமையாது.

பட்டிக்காரரை மறந்துவிட்டால் இவை எதுவும் நடக்காது. குறைக்கன்று விழுந்தால் அறிவியுங்கள் என்று சொல்லிவிட்டு, அறிவித்தவரின் மாட்டைக் கழிக்கச் சொன்னால் அடுத்த கன்று இரவோடிரவாகப் புதைக்கப்படும். பசுவை அறுப்புக்குக் கொடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் படுவான்கரையில் ஏராளம். அவர்களுக்கு நட்டஈடு இல்லாத கட்டளை வெறும் அச்சுறுத்தலே. மாறாக, இளங்கொடி எடுக்கப் போகும்போது அணிய நீண்ட கையுறையும், விழுந்த கொடியை இட்டு மூடச் சுண்ணாம்பும், மாதிரி கொடுத்தவருக்கு அதன் முடிவை அவர் மொழியில் எழுதிய ஒரு கடிதமும் கிடைக்குமானால், மாதிரிகள் தாமாக வரும். முடிவு திரும்பி வராத மாதிரியை யாரும் இரண்டாவது முறை கொடுப்பதில்லை.

இவற்றுள் பணமே தேவைப்படாத ஒன்று உண்டு: குருதி வளர்ப்புச் சோதனைக்கு விடுதியிலிருந்து வரும் கோரிக்கைப் படிவத்தில் 'நோயாளி மாடு வளர்ப்பவரா, அண்மையில் கன்று ஈனச் செய்தாரா அல்லது இளங்கொடியைத் தொட்டாரா' என்ற ஒரு வரி. புட்டியைத் திறக்கப்போகும் ஊழியருக்கு அந்த வரி ஒரு முன்னெச்சரிக்கை. கிருமியை எங்கே தேடுவது என்பதற்கும் அதுவே தொடக்கம். வரும் மகா போகத்துக்கு மாடுகள் மேற்கே நகர்வதற்கு முன், இரு பணிப்பாளர்களும் நிபுணர்களும் ஒருமுறை கூடி, அந்த வரியை எல்லா வைத்தியசாலைகளின் படிவங்களிலும் சேர்ப்பது பற்றியும், முதல் ஆண்டில் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுகளின் பட்டிகளிலிருந்து மாதிரி எடுப்பது என்பது பற்றியும் முடிவெடுக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
மட்டக்களப்பு